ஓடுபாதை எந்தப் பக்கம் நீளும்?

1999 அக்டோபர், ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி. டாலஸிலிருந்து வடக்கே நாற்பது மைல் வந்திருந்தோம். காரை ஓட்டியவன் செல்வராஜ். கோயம்புத்தூரில் என்னோடு இன்ஜினியரிங் படித்தவன், இப்போது இங்கே ஒரு டெலிபோன் கம்பெனியில் புரோகிராமர். இடப்பக்கம் கம்பிவேலி. அதற்குள் ஒற்றைத் தார்ப்பாதை, ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன விமானங்கள். “இதுதாண்டா எங்க ஏர்போர்ட்” என்றான். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு இதைவிடப் பெரிது என்றேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

இந்த விமான நிலையத்தை நம்பித்தான் அவன் இங்கே வீடு வாங்கினான். இரண்டு வருடத்துக்கு முன் வரைபடத்தில் குட்டி விமானப் படத்தைப் பார்த்திருக்கிறான். ஏர்போர்ட் பக்கத்தில் வீடு என்றால் விலை ஏறும், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் அழைத்துவர ஐந்தே நிமிடம் என்று மனக்கோட்டை கட்டிக் கையெழுத்தும் போட்டுவிட்டான். குடிவந்த பிறகுதான் தெரிந்தது, இங்கிருந்து கிளம்புவதெல்லாம் நாலு பேர் உட்காரும் விமானம் என்று. அவன் மனைவி மணிமேகலை இதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறாள்.

பதினொரு மணிக்கு உள்ளே போனோம். காவலாளி இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை. ஒரு மேசைமேல் காபி. பக்கத்து டப்பாவில் ஐம்பது சென்ட் போட்டுவிட்டு நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும். நிலையத்தின் மேலாளர் அறுபது வயதுப் பெண்மணி. கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி வந்து, கேட்காமலே கதை சொன்னார். முதலில் மாடு மேய்ந்த நிலம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராணுவம் இங்கே பைலட்டுகளைப் பழக்கியது. யுத்தம் முடிந்ததும் கவுண்ட்டி, நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி, எடுத்துக்கொண்டது. இப்போது பல் டாக்டரும் விவசாயியும் சொந்தமாக ஓட்டுகிறார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பள்ளி ஆசிரியை தன் விமானத்தைத் தானே தள்ளி வெளியே கொண்டுவந்து, குச்சி விட்டு ஆயில் பார்த்து, ஸ்கூட்டரை எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு பறந்து போனார். நான் வாயைப் பிளந்தபடி நின்றேன்.

சுவரில் பெரிய வரைபடம். தனியார் ஜெட்டுகள் இறங்க ஓடுபாதையை நீட்டப் போகிறார்கள். வடக்கே நீட்டினால் ஓடையின் மேல் மண்ணடித்து உயர்த்த வேண்டும், செலவு அதிகம். தெற்கே சுலபம், ஆனால் அந்தக் கோட்டுக்குள் ஆறு வீடுகள் இருக்கின்றன. கவுண்ட்டி அவற்றை விலை கொடுத்து வாங்கி இடித்துவிடும். அந்த ஆறில் மூன்றாவது கட்டத்தின் மேல் செல்வராஜ் விரலை வைத்தான். அவன் வீடு. அன்று மாலை அதுபற்றித்தான் கூட்டம்.

மாலை ஏழு மணி. விமானங்களை வெளியே தள்ளிவிட்டு, அவை நிற்கும் கொட்டகையிலேயே மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அங்கே வசிக்கிற யாரும் பெயர் கொடுத்துவிட்டு மூன்று நிமிடம் பேசலாம். மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் ஒரே குரலில், ஏர்போர்ட்டையே மூடுங்கள் என்றார்கள். மணிமேகலை கணவன் பக்கம் சாய்ந்தாள். “நீங்களும் அதையே சொல்லுங்க. தனியா ஏதாச்சும் பேசி வெக்காதீங்க” என்றாள். பக்கத்தில் மகள் திவ்யா, ஒன்பது வயது, “டாட், டோன்ட் பீ நெர்வஸ்” என்றாள்.

செல்வராஜ் காகிதத்தோடு எழுந்து முன்னால் போனான். வீடு வாங்கிய கூத்தை முதலில் சொன்னான். கொட்டகை முழுக்கச் சிரித்தது. பிறகு, தப்பாக நினைத்து வாங்கியது தன் குற்றம், தனக்கு முன்பே இங்கே இருந்த ஏர்போர்ட்டை மூடச் சொல்வது நியாயமில்லை என்றான். “ஆனால் என் குடும்பத்தில் யாருக்கும் இதற்கு முன் சொந்த வீடு இருந்ததில்லை. ஓடைப் பக்கம் இன்னொரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.”

கவுண்ட்டியின் இன்ஜினியர் அவனை நிறுத்தி வீட்டு எண்ணைக் கேட்டார், எழுதிக்கொண்டார். வடக்குப் பக்கச் செலவை மறுபடி கணக்கிட்டு ஆறு வீட்டுக்கும் தபாலில் அனுப்புவதாகவும், அதற்குப் பிறகே முடிவு என்றும் சொன்னார்.

வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கும்போது மணிமேகலை சொன்னாள். “நல்லாத்தான் பேசினீங்க. வீடு போச்சுன்னா அப்ப சண்டை போட்டுக்கறேன்.”

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி. டாலஸின் பெரிய விமான நிலையத்தில் செல்வராஜ் என்னை இறக்கிவிட்டுப் போனான். ஊருக்குத் திரும்பும் அத்தனை மணி நேரமும் எனக்குப் பொறாமையாகவே இருந்தது. அவன் வீடு போகலாம், நிற்கலாம். எங்கள் ஊரில் சாலையை அகலப்படுத்தியபோது, ஒருநாள் காலை எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் சிவப்புக் கோடு இருந்தது. பெயின்ட் வாளியோடு நின்றவரிடம் எதற்கு என்று அப்பா கேட்டார். அவர், கோடு போடச் சொன்னாங்க, போட்டேன், வேற எதுவும் தெரியாதுங்க என்றார். இரண்டு மாதம் அப்பா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு மாலையும் செருப்பைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “இடிக்கட்டும். யார்கிட்டச் சொல்றதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்.”