தோணி குடித்த மருந்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் செங்கல்பட்டில் ஹெல்த் விசிட்டராக வேலை பார்த்தேன். மீன்கூடைக்காரி தெருமுனையில் வந்தாலே ஜன்னலைச் சாத்துகிற திருக்கழுக்குன்றத்து வீட்டில் பிறந்தவள் நான். அப்படிப்பட்டவள் கையில் ஒரு பெட்டி நிறைய சுறா ஈரல் எண்ணெய்ப் புட்டிகளைக் கொடுத்து, கடற்கரைக் குப்பங்களுக்குப் போய்வா என்றார்கள்.

எங்கள் டாக்டர் நல்ல மனிதர். பட்டணத்து ஆராய்ச்சிக்காரர்களோடு பழக்கம் உள்ளவர். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மார்களுக்கும் வருகிற மாலைக்கண், உடம்பில் ஒரு சத்துக் குறைவதால் வருகிறது என்றும், சுறா ஈரல் எண்ணெயில் அந்தச் சத்து ஏராளமாக இருக்கிறது என்றும், பிள்ளை பெற்றவளுக்குத் தினம் ஒரு தேக்கரண்டி கொடுத்தால் பார்வை திரும்பிவிடும் என்றும் சைக்ளோஸ்டைல் தாளைப் பார்த்துப் படித்துக் காட்டினார். "அவ்வளவுதான், ரொம்ப சுலபம்" என்று தாளை மடித்தார். சுலபம் என்று சொல்லுகிறவர்கள் யாரும் பஸ்ஸை விட்டு இறங்கி உச்சி வெயிலில் மணலில் நடப்பதில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கழிமுகத்தை ஒட்டிய ஒரு குப்பத்தில் அந்தப் பெண் இருந்தாள். கடப்பாக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தாய் இல்லாததால் தலைப்பிரசவமும் புருஷன் வீட்டிலேயே நடந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது வந்த மாலைக்கண், பிள்ளை பிறந்த பிறகும் போகவில்லை. பகலில் மீன் ஆய்வாள், வலைக்கு முடிச்சுப் போடுவாள். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவுவாள். ஒரு சாயங்காலம் பாயில் கிடந்த குழந்தையின்மேல் காலை வைக்கப் போய்விட்டாள். மாமியார் போட்ட கூச்சலில் குழந்தை பிழைத்தது. அன்று முதல் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். பாலுக்கு அழுதால் கொண்டுவந்து மடியில் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, குடித்ததும் திரும்ப எடுத்துக்கொள்வாள்.

"பகல்லதான் நான் அம்மா, நர்சம்மா. வௌக்கு வெச்சா யாரோ ஆயிட்றேன்" என்றாள் அந்தப் பெண். அழாமல்தான் சொன்னாள்.

நான் என்ன செய்தேன்? கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு புட்டியை வாசற்படியில் வைத்து, "தினம் ஒரு ஸ்பூன் குடிக்கணும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். அடுத்த வாரம் காலிப் புட்டியை வாங்கிக்கொண்டு இன்னொன்று கொடுத்தேன். கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். 'ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்' என்று ரெஜிஸ்தரில் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

ஒரு மாதம் போயிற்று. கண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. "அவள் குடிக்கவில்லை" என்றார் டாக்டர். எனக்கு மூக்குக்குமேல் கோபம் வந்துவிட்டது. காலிப் புட்டிகளை அவர் மேஜைமேல் வரிசையாக வைத்துவிட்டு, அன்றைக்கே கிளம்பிப் போனேன்.

கழிக்கரையில் ஒரு தோணி கவிழ்த்துக் கிடந்தது. புதுசு மாதிரி பளபளத்தது. பக்கத்தில் அந்தப் பெண்ணின் புருஷன் குந்தியிருந்து, கந்தைத் துணியால் பலகையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் காலடியில் என் புட்டி.

"என்னய்யா பண்றே?" என்று கத்தினேன்.

அவன் எழுந்து கும்பிட்டான். "கவர்மெண்டு எண்ணெ ஷோக்காகீது, நர்சம்மா! பலகையில அப்படியே எறங்குது. நாங்க காச்சறது இவ்ளோ தெளிவா வராது."

"உன் பொண்டாட்டி குடிக்கறதுக்குக் குடுத்த மருந்துய்யா அது!"

"மொத நாளே குடிச்சிட்டு வாந்தி எட்த்துட்டா. வீணாப் போவுதேன்னு நான் எட்த்துகினேன்" என்றான். பிறகு, கொஞ்சமும் கிண்டல் இல்லாமல் சொன்னான்: "நீங்களே மூக்க மூடிகினுதானே குட்தீங்க?"

இத்தனை வாரத்தில் அவள் ஒரு வாய் குடிப்பதை நான் நின்று பார்த்ததில்லை. காலிப் புட்டியைப் பார்த்தேன், ரெஜிஸ்தரைப் பார்த்தேன். ஒரு மாதச் சாயங்காலங்களை அவளுக்கு நான்தான் வீணாக்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

அன்றைக்குத்தான் முதல்முதலாக அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். மாமியார் அடுப்படியில் சுறாப் புட்டு கிளறிக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் செய்வது. பூண்டும் மீனுமாக வீடே கமறியது. கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"தோணிக்குப் பூசற எண்ணெயப் போயி யாராச்சும் பெத்தவளுக்கு ஊத்துவாங்களா? நல்லாக்கீது நாயம்!" என்றாள் மாமியார், என் பக்கம் திரும்பாமலே.

அந்தப் பெண் மெல்லச் சொன்னாள்: "எங்கம்மா இருந்தப்போ, அக்காளுக்குப் புட்டு செஞ்சா ஈரல்லயும் ஒரு துண்டு உதுத்துப் போடும். ருசியா இருக்கும். இங்க ஈரலெல்லாம் எண்ணெ காச்சப் போயிடுது."

"ஈரலா? சுறா ஈரலா? நெஜமாவா?" என்று மூன்று தடவை கேட்டேன். பைத்தியமா இவள் என்பதுபோல இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இவர்கள் வீட்டு வாசலில் கிடக்கிற ஈரலைத்தானே நான் புட்டியில் அடைத்து, லேபிள் ஒட்டி, செங்கல்பட்டிலிருந்து சுமந்துகொண்டு வருகிறேன்!

"புட்டி வேணாம்மா. புட்டுல ஒரு துண்டு ஈரல் சேத்துடுங்க, போதும்" என்றேன் மாமியாரிடம்.

"தோணிக்கு?"

"கட்டைவிரல் அத்தனை துண்டுதாம்மா. மீதி எல்லாம் தோணிக்கே."

கரண்டியைச் சட்டியில் தட்டிவிட்டு யோசித்தாள். "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? துண்ற பொருள்னு சொன்னா துண்ணப் போறா" என்றாள்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். அவரோ கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, அந்தத் தாளில் 'ஒரு தேக்கரண்டி' என்ற வரிக்குப் பக்கத்தில் 'அல்லது புட்டு' என்று தம் கையாலேயே எழுதினார். சுறா பிடிக்கிற குப்பங்களில் எல்லாம் அதைத்தான் போய்ச் சொன்னேன். கடலை விட்டுத் தள்ளியிருந்த சேரிகளுக்குப் புட்டிகள் போயின. அங்கே என் எதிரில் குடித்தால்தான் இடத்தை விட்டு நகர்வேன். நாற்றமும் பழகிவிட்டது. வீட்டில் அம்மா மட்டும் என் புடவைகளைத் தனியாகத் துவைத்தாள்.

சில வாரங்கள் கழித்து ஒருநாள் பஸ் வழியில் நின்றுவிட்டதால் அந்தக் குப்பத்துக்குப் போய்ச் சேரும்போதே இருட்டத் தொடங்கியிருந்தது. அந்தப் பெண் வாசலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வாங்க நர்சம்மா, பாத்து, அங்க கவுறு கீது" என்றாள். குனிந்து பார்த்தேன். என் காலடியில் வலைக்கயிறு கிடந்தது. அவள் சொல்லும்வரை என் கண்ணுக்கே அது தெரியவில்லை.

மாமியார் உள்ளேயிருந்து விளக்கைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். வைத்த கையோடு, வழக்கம்போல் குழந்தைக்காகக் கைகளை நீட்டினாள்.

அந்தப் பெண் கொடுக்கவில்லை. குழந்தையின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், "இவன் கண்ணுல வௌக்கு தெரியுது, அத்த" என்றாள்.

மாமியார் நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டு குனிந்து, விளக்கை அவர்கள் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.