ஐம்பத்திரண்டு நிமிடம்

அந்தக் காலத்துத் திருகோணமலையில் கம்பளிச் சுவெட்டர் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர்தான் என்று நினைக்கிறேன். ஒருவன் நான். மற்றவர், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல 'நானா' என்று நான் கூப்பிட்ட என் சக ஒப்பரேட்டர். எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம். துறைமுகத்தை ஒட்டியிருந்த ஒரு களஞ்சியக் கந்தோரில் எங்களுக்கு ஒரு கம்பியூட்டர் இருந்தது. அதற்கு வெயில் ஆகாது, தூசி ஆகாது, கடற்காற்று அறவே ஆகாது. வெளியே லொறிகளில் மூட்டை ஏற்றுகிறவர்கள் வியர்வையில் குளிக்க, உள்ளே நாங்கள் குளிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பெட்டிக்குச் சேவகம் செய்துகொண்டிருந்தோம்.

கப்பலில் வந்திறங்கும் சாமான்களின் பட்டியலை அது ஒழுங்குபடுத்தி அச்சடித்துத் தரும். காந்த நாடாச் சுருள்களை மாட்டுவதும் கழற்றுவதும், பிரின்டருக்குத் தாள் போடுவதும் எங்கள் வேலை. காலை ஏழிலிருந்து இரண்டு மணிவரை நானா. ஒரு மணியிலிருந்து இரவு எட்டுவரை நான். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் மட்டும் அந்த அறையில் இரண்டு பேர் இருப்போம். வாசலுக்கு வெளியே ஒரு சின்ன மேசையைப் போட்டுச் சாப்பிடுவோம். அவர் கடையில் சோறு எடுப்பார். நான் பாண் ரொட்டியும் சம்பலும் கொண்டுபோவேன். பாதிச் சோறு என் பக்கம் வந்துவிடும். வேண்டாம் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

அந்த ஒரு மணித்தியாலத்தைத் தவிர நான் வாய் திறந்து பேசுகிற நேரம் எனக்கு வேறு இருக்கவில்லை. லிங்கநகரில் ஓர் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், ஆனால் அவர்கள் சமைக்கும் குசினியின் கதவு என் பக்கம் பூட்டியே இருக்கும். அம்மா போன பிறகு யாழ்ப்பாணத்தில் எனக்குக் கதவு திறக்கவும் ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டைப் பக்கம் போய், அங்கே மேய்கிற மான்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அதுகள்கூடக் கூட்டமாகத்தான் மேயும். எனக்கு எரிச்சல் வந்து திரும்பிவிடுவேன்.

நானாவுக்குப் புத்தளம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், பருத்த உடம்பு, அவசரம் என்ற சொல்லையே கேள்விப்படாத மனிதர். தொலைபேசி அடித்தால், அது அடித்துக் களைத்த பிறகுதான் எழும்புவார். இரண்டு வருடத்தில் அவர் நடையை எட்டிப்போட்டு நான் பார்த்ததில்லை.

கம்பியூட்டருக்குப் புதிதாக ஒரு நினைவகப் பெட்டி வந்து பூட்டினார்கள். இனி வேலை இரட்டிப்பு வேகத்தில் நடக்கும் என்றார்கள். பிறகு தலைமைக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. வேகத்தை அளக்க ஓர் உத்தியோகத்தர் வருவார். கொழும்பில் ஓட்டிப் பார்த்த அதே மாதிரி வேலையை இங்கேயும் மூன்று தரம் ஓட்ட வேண்டும். மூன்றில் நல்லது எதுவோ அதுவே கணக்கு. அது ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தால் இங்கே ஓர் ஒப்பரேட்டர் போதும். மூத்தவர் கொழும்புக்கு மாற்றப்படுவார்.

கடிதத்தை நானாதான் வாசித்துக் காட்டினார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றார். அவருக்கும் போக விருப்பமில்லை என்று எனக்கு நானே முடிவுகட்டிக்கொண்டேன். தனியாக இருக்கிறவனுக்கு மற்றவன் மௌனமும் தன் பக்கம் பேசுவதாகத்தான் படும்.

உத்தியோகத்தர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். அன்று என்னையும் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு ஸ்டொப் வோச். கையில் கொழும்பில் தட்டச்சு செய்த விதிமுறைத் தாள். முதல் ஓட்டம் என்னுடையது என்றார்.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கள்ளம் எதுவும் செய்யவில்லை. எல்லாவற்றையும் விதிப்படி செய்தேன், அவ்வளவுதான். நாடா ஓடும் தலையை ஸ்பிரிட் துணியால் துடைக்க வேண்டும் என்பது விதி. நான் இரண்டு தரம் துடைத்தேன். தாளின் ஓரத்துத் துளைகள் பற்களில் சரியாக உட்கார்ந்தனவா என்று குனிந்து பார்த்தேன், நிமிர்ந்தேன், மறுபடி குனிந்தேன். அறுபத்தாறு நிமிடம். உத்தியோகத்தர் எழுதிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் பாட்டு வந்தது.

அடுத்தது நானா. செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தார். சாரத்தை மடிப்பது போலக் காற்சட்டைக் காலை இரண்டு சுற்று மடித்துவிட்டார். உத்தியோகத்தர் வோச்சை அமுக்கியதும் அந்தப் பருத்த உடம்பு ஓடியது. உண்மையாகவே ஓடியது. வேண்டிய சுருள்களை முன்கூட்டியே மேசையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ஒன்று கழன்று முடிவதற்குள் மற்றது அவர் கையில் இருந்தது. அந்தக் குளிர் அறையில் அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. சுவரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் விளங்கியது, இந்த மனிதருக்கு இங்கே இருக்க விருப்பமில்லை.

அறுபத்தொரு நிமிடம். அவ்வளவு ஓடியும் ஒரு நிமிடத்தால் தவறிவிட்டது.

உத்தியோகத்தர் தேநீர் குடிக்க மனேஜரின் அறைக்குப் போனார். நாங்கள் எங்கள் தேநீரோடு வெளியே மேசைக்கு வந்தோம். நானா மூச்சு வாங்கிக்கொண்டு கதிரையில் சாய்ந்திருந்தார்.

"என்ன நானா ஓட்டம்?" என்று கேட்டேன். குரல் நான் நினைத்ததைவிட உரத்து வந்தது. "சொல்லியிருக்கலாமே எனக்கு."

"நீங்க ஏன் தம்பி ரெண்டு தரம் துடைச்சீங்க?"

எனக்கு முகம் சுட்டது. அவர் கோபிக்கவில்லை. துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"போன முறை ஊருக்குப் போனேன்தானே. மகளுக்கு இப்ப மூணு வயசு. ரெண்டு நாளும் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிட்டு நிண்டா. நான் பேக்கைத் தூக்கி பஸ்ஸுக்கு வெளிக்கிடக்குள்ளதான் வெளிய வந்தா. கொழும்பெண்டா கிழமைக்கு ஒருக்காப் போய் வரலாம், தம்பி. உங்கள விட்டுப் போறது எனக்கும் லேசில்ல. அதான் சொல்ல ஏலாமப் போச்சு."

ஆறிய தேநீரைக் குடித்தேன்.

உத்தியோகத்தர் திரும்பி வந்து தாளைப் பார்த்தார். "மூண்டாவது ஓட்டத்தில கடமையில இருக்கிற எல்லா ஒப்பரேட்டர்மாரும் சேர்ந்து வேலை செய்யவேணும் எண்டு போட்டிருக்கு. ரெண்டு பேரும் நில்லுங்கோ" என்றார்.

கொழும்புக்காகத் தட்டச்சு செய்த விதி அது. இங்கே பார்க்க வேண்டியது ஓர் ஆள் போதுமா என்பது. அதைப் பார்க்க இரண்டு பேரை ஓடவிடப் போகிறார் அந்த மனிதர். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. 'ஐயா, இது பிழை' என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானா இங்கேயே இருப்பார். ஒரு மணிக்கு மேசை இருக்கும், பாதிச் சோறு இருக்கும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நானா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து காற்சட்டைக் காலைத் திரும்பவும் மடித்துக்கொண்டிருந்தார். அந்தக் குனிந்த முதுகைப் பார்த்தேன்.

"ஓம் ஐயா, ரெடி" என்றேன்.

நானும் செருப்பைக் கழற்றினேன். அவர் கழற்ற நான் மாட்டினேன். நான் தாளைக் கிழிக்க அவர் அடுத்த தாள் பெட்டியை உடைத்தார். ஒரு தரம் இருவரும் தோளோடு தோள் மோதிக்கொள்ள, நானா "அல்லாஹ்!" என்று சிரித்துவிட்டார். இரண்டு வருடத்தில் நாங்கள் சேர்ந்து வேலை செய்த ஒரே நாள் அதுதான். நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

ஐம்பத்திரண்டு நிமிடம்.

மாதமுடிவில் நானா போனார். சுவெட்டரை என் கதிரையில் விட்டுவிட்டுப் போயிருந்தார். கொழும்பு அறை இவ்வளவு குளிராது என்று யாரிடமோ கேட்டிருப்பார் போல. ஒரு மணியானால் நான் வெளியே போய் அந்த மேசையில் உட்காருவேன். பாணைப் பிய்த்துச் சாப்பிட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் உள்ளே வந்துவிடுவேன். மிச்ச ஐம்பது நிமிடத்தை என்ன செய்வதென்று தெரியாது.

வேலை எந்த நாளும் நேரத்துக்கு முடியவில்லை. மூன்றாம் மாதம் தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு படிவம் வந்தது. சோதனையில் ஐம்பத்திரண்டு நிமிடத்தில் முடித்த இயந்திரம் இப்போது ஒரு மணித்தியாலத்தைத் தாண்டுகிறது, தாமதத்துக்கு என்ன காரணம் என்று கேட்டிருந்தார்கள். எழுத ஒரு கோடு விட்டிருந்தார்கள். அன்று பின்னேரம் முழுவதும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு எழுதினேன்.

அன்று நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.