அக்காவின் கல்யாணச் சங்கீதத்துக்கு நான் போட்ட மெட்டு

பைபிளின் சங்கீதங்களைப் பாட்டாக்கிச் சேர்த்திருந்த எங்கள் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் மெட்டு கிடையாது. ஒவ்வொரு பாட்டின் தலையிலும், வரிக்கு எத்தனை அசை என்கிற அசைக்கணக்கு மட்டும் இருக்கும். அந்தக் கணக்குக்கு ஒத்துப்போகிற எந்த இங்கிலீஷ் மெட்டிலும் பாடிக்கொள்ளலாம். இந்தச் சுதந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அக்காவின் கல்யாணத்துக்கு நான்தான் ஆர்மோனியம் என்று முடிவானதும், கல்யாணத்தில் வழக்கமாகப் பாடும் நூற்றிருபத்தெட்டாம் சங்கீதத்துக்கு, எங்கள் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் யாரும் கேட்டிராத ஒரு மெட்டைத் தேடிப் பிடித்தேன். நிதானமாக ஏறி, கடைசி வரியில் இறங்கும். எனக்கு அது சந்தோஷமாகவே பட்டது.

மாப்பிள்ளை வீட்டார் கிள்ளானிலிருந்து ரயிலில் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் விதவை. இந்தச் சம்பந்தத்தில் அவருக்கு அரை மனசுதான். அவர் முகம் கோணாமல் அன்றைய பொழுது போகவேண்டுமே என்று அப்பாவுக்கும் அக்காவுக்கும் ஒரே கவலை.

முதல் கண்ணி முடிவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் பெஞ்சுகளில் பாட்டு நின்றுவிட்டது. எங்கள் பக்கம் மட்டும் உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தது. தாயார் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். பின்னாலிருந்து யாரோ அப்பாவின் காதில் ஏதோ சொன்னார்கள். அவர் என் அருகில் வந்து குனிந்தார்.

"என்னடா வாசிக்கிறே?"

"கணக்கு சரியாத்தான்பா இருக்கு."

"கணக்கைத் தூக்கிக் குப்பையில போடு. கிள்ளான்ல பொட்டியைக் குழியில இறக்கும்போது பாடுற மெட்டாம்லா இது."

நிறுத்துவதா, மாற்றுவதா? கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் பற்றிய வரி வந்தபோது, அழுகையோடு அழுகையாக அந்தத் தாயாரே பாட ஆரம்பித்தார். உடனே அவர் பக்கத்து பெஞ்சுகளும் சேர்ந்துகொண்டன. நான் தலை நிமிரவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அந்தத் தாயார் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெரியாமப் பண்ணிட்டேன் அத்தை."

"எங்க வீட்டுக்காரரை அடக்கம் பண்ணின அன்னைக்குக் கேட்டது தம்பி. மகன் கல்யாணத்துக்கு அவரும் வந்து நின்ன மாதிரி இருந்துச்சு."

"அப்போ, வாசிச்சது நல்லதுதானே?"

"நல்லதுன்னு யார் சொன்னா? பேரப்பிள்ளை ஞானஸ்நானத்துக்கு இதை வாசிச்சே, விரலை ஒடிச்சிடுவேன்."

அக்கா சிரித்துவிட்டாள். அப்பா, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். எனக்கோ ஒன்றும் விளங்கவில்லை. துக்கம் மெட்டில் இருந்ததென்றால் எங்கள் பக்கம் ஏன் அழவில்லை? அவர் மனசில் மட்டும்தான் இருந்ததென்றால் பாதிப் பாட்டில் எப்படிப் பாட வாய் வந்தது? எனக்குக் கிடைத்தது வாழ்த்தா, திட்டா?

ஸ்டேஷன் வரைக்கும் அவர் அக்காவின் கையை விடவில்லை.