திருவாய் மலர்ந்தவை

என் அக்கா சாப்பிடும்போது பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. அத்தானுக்கும் அதே சட்டம்தான். கட்டிய புருஷனைத் தட்டோடு அடுத்த அறைக்குத் துரத்துகிறாள் என்று உறவுக்காரர்கள் வாய் கூசாமல் பேசுகிறார்கள். பேசட்டும். நாள் முழுக்க ஊரார் மெல்லுகிற சத்தத்தைக் காதுக்குள் வாங்குகிறவளுக்கு இந்தச் சலுகைகூடவா கிடையாது?

அவள் வேலை அப்படி. வலைப்பூ நடத்துகிறவர்கள், வக்கீல்கள், டாக்டர்கள் எல்லோரும் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை எழுத்தாக அடித்துக் கொடுப்பாள். மேஜைக்கு அடியில் ஒரு பெடல் கிடக்கும். மிதித்தால் பதிவு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். முன்பு ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள், மகள் பிறந்த பிறகு இதில் இறங்கினாள். வீட்டோடு இருந்து செய்கிற சுத்தமான வேலை என்று எல்லோரும் மெச்சினார்கள். சுத்தமாம்! ஒரு டாக்டர் நோயாளியின் குடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே எதையாவது கடித்துத் தின்பார். ஒரு வக்கீல் கழிப்பறையில் உட்கார்ந்தபடி வாதத்தை அடுக்குவார். தண்ணீர் ஊற்றும் சத்தத்தோடுதான் பதிவு முடியும். மனிதர்களுக்குக் கண்ணெதிரில் ஆள் இருந்தால்தான் வெட்கம் வரும் போலிருக்கிறது.

இந்தத் தொழிலில் சுத்தப் பிரதி என்று ஒன்று உண்டு. இருமல், ஏப்பம், 'வந்து', 'அதாவது', நடுவில் வீட்டு ஆட்களிடம் பேசியது எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, சொல்ல வந்ததை மட்டும் அடிக்க வேண்டும். எல்லோருக்கும் அதுதான் வேண்டும். அவர்கள் பாட்டுக்குக் கொட்டிவிட்டுப் போவார்கள், அக்கா பெருக்கித் துடைத்துக் கொடுப்பாள்.

இருப்பதிலேயே மோசம் திருவாய். அது அக்கா வைத்த பெயர். இல்லறத்தை இனிமையாக நடத்துவது எப்படி என்று வலைப்பூவில் தினமும் எழுதுகிற பெரிய மனிதர். எழுதுவது எங்கே, வாயைத் திறப்பதோடு சரி. பேசி முடித்துப் பதிவை நிறுத்தினால் அது தானாகவே அக்காவுக்கு வந்துவிடும். ஒருநாளும் திரும்பக் கேட்டுப் பார்த்ததில்லை. வலைப்பூவின் கடவுச்சொல்லையும் அக்காவிடமே தள்ளிவிட்டு, "நீங்களே ஏத்திடுங்கம்மா, எனக்கு எங்க நேரம்?" என்று கழன்றுகொண்டார்.

"மனைவி என்பவள் வீட்டின் விளக்கு" என்று ஆரம்பிப்பார். அதே மூச்சில், "ஏய் சனியனே, டீயில சர்க்கரை போட்டியா இல்லையா? இங்க வா. வான்னா வரணும்" என்பார். பளாரென்று ஓர் அறை. டம்ளர் உருளும். ஒரு பெண் விசும்புவாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த விளக்கு அணையாமல் காப்பது கணவனின் கடமை" என்று முடிப்பார். அக்கா நடுவில் நடந்ததை நீக்கிவிட்டு இரண்டு விளக்கையும் ஒட்டவைப்பாள். பிறகு எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவாள்.

"இந்த ஆளைத் தலைமுழுகேன்" என்று நான் கத்துவேன்.

"நான் விட்டா இன்னொருத்தி டைப் பண்ணப்போறா. அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்?"

"நீ டைப் பண்றதால மட்டும் என்ன ஆயிடுச்சாம்?"

அவள் பெடலை மிதித்து அடுத்த பதிவை ஓடவிடுவாள்.

ஒருநாள் திருவாய் பேசிக்கொண்டிருக்கும்போது யாரோ வாசல் மணியை அடிக்க, பதிவை நிறுத்தாமலே எழுந்து போய்விட்டார். பிறகு காதோடு காதாக ஒரு பெண் குரல். அக்கா ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு நானும் கேட்கும்படி வைத்தாள்.

"இதைக் கேட்டு டைப் பண்றவங்க யாரோ தெரியல. உங்ககிட்டதான் பேசறேன். நான் அடி வாங்கறதை எல்லாம் எடுத்துட்டுப் போடறீங்க. எடுக்காதீங்க. எங்க அண்ணன் இவரோட வலைப்பூவை ஒருநாள் விடாம படிக்கறார். நான் சொன்னா, இவ்வளவு நல்லா எழுதற மனுஷன் மேல பழி போடாதேங்கறார். அவர் வந்து கூட்டிட்டுப் போகலைன்னா எனக்குப் போக்கிடமே இல்லை. ஒரே ஒரு தடவை அப்படியே போடுங்க."

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. "நான் துடைச்சுத் துடைச்சுக் குடுத்ததாலதான் அந்த வீடு பளபளன்னு தெரிஞ்சிருக்கு" என்றாள்.

அன்றைய பதிவை உள்ளபடியே அடித்தாள். திட்டு, அறை, டம்ளர், அழுகை எல்லாம் அதில் இருந்தன. அந்தப் பெண் எங்களிடம் பேசியதை மட்டும், அவளுக்கு ஆபத்தாகிவிடுமே என்று விட்டுவிட்டு, வலைப்பூவில் ஏற்றினாள்.

பின்னூட்டங்கள் வந்து குவிந்தன. 'நாடக வடிவில் புது முயற்சி, அருமை ஐயா.' 'கண் முன்னால் நடப்பதுபோல் இருந்தது.' நடுவில் ஒன்று: 'மாப்பிள்ளை, கெட்ட புருஷன் எப்படி இருப்பான்னு தத்ரூபமா காட்டிட்டீங்க. அசத்தல்.' மாப்பிள்ளை என்று கூப்பிட்டிருந்ததிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் திருவாயே போன் செய்தார். வாயில் எதையோ குதப்பிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அதை எல்லாம் எதுக்குப் போட்டீங்க? சரி விடுங்க, எல்லாரும் கதைன்னே நினைச்சுட்டாங்க. நல்லாத்தான் ஓடுது. இனிமே இப்படியே போட்டுடலாம். அவ அழறது இன்னும் கொஞ்சம் வேணும். அதை நான் பார்த்துக்கறேன்."

அக்கா போனை வைத்தாள். நேராகப் போய்த் தான் அடித்ததை முழுக்க அழித்துவிட்டு, அந்த இடத்தில் ஒலிப்பதிவையே ஏற்றினாள். ஒரு செருமலைக்கூட வெட்டவில்லை. அந்தப் பெண் காதோடு சொன்னதும் அதில் இருந்தது. கடவுச்சொல்லையும் மாற்றினாள்.

"அண்ணன்காரனுக்கு முன்னால இவர் கேட்டுட்டா அவ கதி என்னக்கா?" என்றேன்.

"தன் குரலை அவர் என்னிக்குக் கேட்டிருக்கார்?"

அப்படிச் சொன்னாலும் அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதலில் வந்தது, 'குரல் நடிப்பு பிரமாதம், அந்தப் பெண் யார்?' என்று ஒரு ரசிகரின் பாராட்டு. தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குக் கீழேயே அடுத்தது வந்து விழுந்தது.

'நடிப்பு இல்லைங்க. இது என் தங்கச்சி குரல். கிளம்பிட்டேன்.'