வாடாமல் நின்ற ட்ரே

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம். ஹைதராபாத்தில் பயிர் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். கடும் வெப்பத்தைத் தாங்கும் நெல்லுக்குள் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று கண்டுபிடிப்பது எங்கள் ஆராய்ச்சி. நாற்று ட்ரேக்களை மூடிய வெப்ப அறைக்குள் வைத்து நாற்பத்திரண்டு டிகிரியில் வாட்டுவோம்.

அந்த முறை மற்ற ட்ரேக்களெல்லாம் சுருண்டு போக, ஒரு ரகம் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் எங்கள் தலைமை விஞ்ஞானியிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அறிவித்துவிடலாம் என்றார்.

புதன்கிழமை, இலைகளைச் சோதித்த முடிவு வந்தது. சூடு பட்டதும் செடியைக் காக்கச் சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். வாடிய செடிகளில் அவை விழித்திருந்தன. வாடாத ரகத்தில் சூடே படாததுபோல் தூங்கிக்கொண்டிருந்தன. 

சூட்டில் வைக்காத செடிகளின் இலையோடு லேபிள் மாறியிருக்க வேண்டும் என்று தோன்றியது. லேபிள் ஒட்டியவர் எங்கள் லேப் டெக்னீஷியன். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், என் வயதுதான். அவருடைய ஒப்பந்தத்தை அந்த மாதம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அது தெரிந்தும், பதற்றத்தில் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"நீங்கதான் மாத்தி ஒட்டியிருக்கீங்க!"

"நான் ரெண்டு தடவ செக் பண்ணேன் மேடம்" என்றார். 

ஏ.எஸ்.ராவ் நகர் பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஒரே நினைப்புதான். வெள்ளிக்கிழமை என்ன சொல்வேன்?

மறுநாள் மாலை அந்த டெக்னீஷியனே வந்து கூப்பிட்டார். "மேடம், கொஞ்சம் உள்ள வந்து பாருங்க."

காலையிலிருந்து ஒவ்வொரு ட்ரே பக்கத்திலும் ஒரு தெர்மாமீட்டர் வைத்து மணிக்கொரு தடவை குறித்திருந்தார். எல்லா இடத்திலும் நாற்பத்திரண்டு. வாடாத ட்ரே நின்ற மூலையில் மட்டும் முப்பத்து மூன்று. மேலே இருந்த குழாயிலிருந்து குளிர்காற்று கசிந்துகொண்டிருந்தது.

ட்ரேக்களைத் தினமும் இடம் மாற்றி வைக்க வேண்டும் என்பது ஆரம்பப் பாடம். சோம்பேறித்தனத்தால் அதைச் செய்யாமல் விட்டவள் நான்தான்.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது தலைமை விஞ்ஞானியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர் அறிவிப்புப் பட்டியலிலிருந்து அதை அடித்தார். பிறகு, "திரும்பச் செய்யுங்க" என்றார். இடம் மாற்றி மாற்றி வைத்துச் செய்தபோது அந்த ரகமும் மற்றவை போலவே வாடியது.

லேப்பில் எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "நக்கோ மேடம், விடுங்க" என்று, ஹைதராபாத் உருதுவில் வேண்டாம் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு மெதுவாக, "ஆனா அன்னிக்கு வீட்டுக்குப் போய் நான் சாப்பிடல" என்றார்.

அவர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. நான் இப்போது வேறு ஊரில் வேலை செய்கிறேன். ஆனாலும் ஒரு சோதனை முடிவு பொருந்தாமல் போனால், யாரையாவது குற்றம் சொல்ல வாயைத் திறக்கும்முன், அன்று சாப்பிடாமல் படுத்தவரின் முகம் என்னைத் தடுத்துவிடுகிறது.