ஸ்கூட்டர் ஏலமும் ஒரு கிறுக்குப் பயலும்

போன வாரம் முழுக்க முகம் தெரியாத ஓர் ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஆயுதம்? என் கட்டை விரல்தான்.

என் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பழைய ஸ்கூட்டர் என்றால் பைத்தியம். திருமயம் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையில் கிடந்த நாற்பது வருஷத்து ஸ்கூட்டர், ஆன்லைன் ஏலத்துக்கு வந்திருந்தது. மகள் போட்டோ அனுப்பினாள்.

"அவுங்க இதைப் பார்த்து ஏங்கிப் போய்ட்டாங்கப்பா!"

போதாதா? கல்யாணத்தன்று மண்டப வாசலில் நிறுத்தி அசத்திவிடலாம் என்று, யாரிடமும் சொல்லாமல் களத்தில் இறங்கினேன்.

அந்த ஆப்பில் 'ஆட்டோமேட்டிக் பிட்' என்று ஒரு வசதி. அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று ரகசியமாகச் சொல்லிவிட்டால் போதும். முழுத் தொகையையும் உடனே தூக்கிக் கொடுத்துவிடாது. எதிராளி ஏற ஏற, அவரைவிட ஐந்நூறு ரூபாய் மட்டும் கூட்டிக் கேட்கும். உங்கள் எல்லை வந்ததும் நின்றுவிடும். யோக்கியமான மெஷின். யோக்கியம் இல்லாதது நம் மனசுதான்.

இருபத்தைந்தாயிரம் என்று போட்டேன். மற்றவர்கள் பதினெட்டரையிலேயே கழன்றுகொள்ள, பத்தொன்பதாயிரத்தில் நான் முன்னால் நின்றேன். ஸ்கூட்டர் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

புதன்கிழமை ஒரு மெசேஜ் — 'உங்களை முந்திவிட்டார்கள்.' யார்ரா அவன்? பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நட்சத்திரக் குறிகள்.

இருபத்தெட்டாக ஏற்றினேன். கண்மூடித் திறப்பதற்குள் மறுபடி முந்திவிட்டான். எனக்காகவே உட்கார்ந்து அமுக்குகிறான் என்று பல்லைக் கடித்தேன். அவன் சாப்பிட்டுக்கொண்டுகூட இருந்திருப்பான்... பதில் சொன்னது அவனுடைய மெஷின்! முப்பத்திரண்டு... முப்பத்தைந்து... முப்பத்தெட்டு. ஸ்கூட்டர் எனக்கு மறந்தே போனது. அவன் ஜெயிக்கக் கூடாது, அவ்வளவுதான். அவனோ முப்பத்தெட்டரையில் நின்றுகொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை, நாற்பத்திரண்டு போட விரலை நீட்டும்போது போன் அடித்தது. அன்னவாசலிலிருந்து சம்பந்தி. மாப்பிள்ளையின் அப்பா. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்.

"நல்லா இருக்கீங்களா சம்பந்தி? பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சா? ஒரு ரகசியம் சொல்றேன், பயலுக்குத் தெரியக் கூடாது. அவனுக்கு ஒரு ஸ்கூட்டரை ஏலத்துல கேட்டுக்கிட்டிருக்கேன். எவனோ ஒரு கிறுக்குப் பய விட மாட்டேங்குறான்! நானும் விடலையே... நாப்பது போட்டு வச்சிருக்கேன்."

நாற்பத்திரண்டு போட நீட்டிய விரலை மெல்ல மடக்கிக்கொண்டேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழா முடிந்ததும் சாமிக்கு வைத்த எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவார்கள். சம்பந்தி வாயைத் திறந்துவிட்டால், நாம் துண்டை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட வேண்டும். இது எழுதாத சட்டம். அங்கே ஆளைப் பார்த்துக் கேட்கிறோம். இங்கே நட்சத்திரத்தைப் பார்த்து என்ன மரியாதை செய்ய?

அதுவும் எப்பேர்ப்பட்ட சம்பந்தி! நிச்சயதார்த்தப் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வேண்டுமா என்று கேட்காமல் விட்டதை இன்றுவரை மறக்காதவர்.

மனைவியிடம் சொன்னேன். "வாயைத் தொறந்துராதீங்க" என்றாள். "ஒங்க மக அந்த வீட்டுல போயி வாழணும்." பயமாகத்தான் இருந்தது. ஆப்பை மூடினேன். சாயங்காலம் முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறுக்குச் சம்பந்தி ஜெயித்தார். நான் குறுக்கே வராமல் இருந்திருந்தால் பத்தொன்பதாயிரத்தோடு முடிந்திருக்கும்.

நீங்களாவது பிழைத்துக்கொள்ளுங்கள். மனசு குளிர்ந்திருக்கும்போதே, ரிப்பேர் செலவையும் வண்டி வாடகையையும் கழித்து, ஒரே தடவை எல்லையைப் போடுங்கள். போனை வைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போங்கள். முந்திவிட்டார்கள் என்று மெசேஜ் வந்தால்? உங்கள் காசு பிழைத்தது என்று ஒரு காபி குடியுங்கள். அப்புறம்... உங்கள் எல்லையை யாரிடமும் உளறாதீர்கள். கேட்பது யார் என்று உங்களுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை சம்பந்தி நேரிலேயே வந்துவிட்டார். மகன் கையில் சாவி கொடுத்த சந்தோஷம் ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

"பாதிக்குப் பாதி மிச்சமாயிருக்கும் சம்பந்தி! எங்கிட்டு இருந்துதான் வந்தானோ அந்தக் கிறுக்குப் பய... நீங்கதான் எழுதுறவுகளாச்சே, அவனைக் கிழிச்சுத் தொங்க விட்டு ஒண்ணு எழுதுங்க. பத்துப் புத்தகம் வாங்கிக் கடையில வைக்கிறேன்!"

எழுதிவிட்டேன் சம்பந்தி. கல்யாணத்துக்கு நான் வரலாமா?