மருந்துக்கடைக் கணினியின் தேதி

புரோகிராம் எழுதும் வேலைக்கு அவள் வந்ததே தாமதமாகத்தான். வணிகவியல் படித்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு மாலை வகுப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டாள். மருந்துக்கடைகளுக்கான பில் போடும் புரோகிராம் இப்போது அவள் பொறுப்பு. கணவரின் தங்கை வேலை பார்க்கும் கடையிலும் அதுதான் ஓடியது.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது நாத்தனாரிடமிருந்து போன்.

"அண்ணி, உங்க புரோகிராமுக்கு என்ன ஆச்சு? காலாவதியான குழந்தை சிரப்புக்குத் தாராளமா பில் போடுது!"

அவள் டப்பாவைத் தள்ளி வைத்தாள். "கொடுத்துட்டியா?"

"கொடுப்பேனா? பாட்டிலைத் திருப்பிப் பாத்தேன். வேற எடுத்துக் கொடுத்து அனுப்பிட்டேன். நீங்க முதல்ல மூச்சு விடுங்க."

"உன் கம்ப்யூட்டர்ல மூலையில என்ன தேதி காட்டுது, பாரு."

"அட! இது காட்டுற வருஷத்துல எனக்குக் கல்யாணமே ஆகல அண்ணி!"

கரண்ட் இல்லாதபோதும் கணினியின் கடிகாரத்தை ஓட்டும் சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது. காலையில் கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பல வருஷம் பின்னால் போய்விட்டது. புரோகிராமோ அந்தக் கடைக் கணினியிடமே தேதி கேட்டு, அது சொன்னதை அப்படியே நம்பியது.

டப்பாவை மூடி வைத்துவிட்டு, எழுதியதையெல்லாம் திறந்து பார்த்தாள். இன்னும் மோசம். ஒரே பில்லுக்குள் தேதியை ஓரிடத்திலும் நேரத்தை வேறிடத்திலும் கேட்டிருந்தாள். இரண்டுக்கும் நடுவே நள்ளிரவு தாண்டி நாள் மாறிவிட்டால், இன்றைய தேதியோடு நாளைய நேரம் ஒட்டிக்கொள்ளும்.

விஷயத்தைக் கேட்ட அவளுடைய மேலாளர் தலையைச் சொறிந்தார். "பேட்டரிய மாத்தச் சொன்னா போதாதாம்மா?"

"இங்க பேட்டரி சார். இன்னொரு கடையில யாராவது கையாலயே தேதிய மாத்தி வெச்சிருப்பாங்க. நமக்கு எப்படித் தெரியும்?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இருவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள்: இனி எல்லாக் கடைகளும் நிறுவனத்தின் மையக் கணினியிடம்தான் கேட்க வேண்டும். பில் தொடங்கும்போது ஒரே தடவை, தேதியும் நேரமும் சேர்த்து. அந்தப் பில் முடியும்வரை அதே விடைதான். மையக் கணினி பதில் தராவிட்டால் குத்துமதிப்பாக எதையும் போடாமல் விற்பனையை நிறுத்திக் காரணம் சொல்ல வேண்டும்.

புரோகிராமை மாற்றி எழுதி முடித்ததும் நாத்தனாரின் கடைக்கே போனாள். கணினியின் கடிகாரத்தை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளினாள்; அதே சிரப்பை நாத்தனார் பில்லில் ஏற்றினாள். திரை சிவந்தது: 'காலாவதி. விற்கக் கூடாது.'

அவள் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் பாக்கலைன்னா..."

"ஐயோ, கடையில அழாதீங்க அண்ணி. மருந்து சரியில்லன்னு வாங்க வந்தவங்க ஓடிடுவாங்க!"

அழுகையும் சிரிப்புமாக நாத்தனாரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அன்று அடுப்படிப் பக்கமே விடவில்லை. நாள் முழுக்க நின்ற களைப்பில் நாத்தனார் சோபாவிலேயே தூங்கிப்போனாள். டிவி போட ஓடிவந்த பிள்ளைகளிடம், "சத்தம் போடாதீங்க, அத்தை தூங்கட்டும்" என்று சொல்லிப் போர்வையை எடுத்துவந்து போர்த்திவிட்டாள்.